கேட்கிறது, புரியவில்லை: பரம்பரை நரம்பு நோயுள்ள பிள்ளையின் காதும் நடையும்

“கூப்பிட்டா திரும்பிப் பாக்குறான். சொன்னது மட்டும் வெளங்க மாட்டேங்குது.” நரம்பு நோய் உள்ள பிள்ளையை வளர்ப்பவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். பள்ளியில் கவனமில்லை என்பார்கள். வீட்டில் அப்பத்தா அடம் என்பார். காதைச் சோதித்தவர், சத்தம் கேட்கிறது, பயமில்லை என்று எழுதித் தருவார். காதுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறது என்பதும், கை கால் நரம்புகளைத் தாக்கும் பரம்பரை நோய் அதையும் தாக்கக்கூடும் என்பதும் அதற்குள் மறந்துபோகும்.

எட்டாம் மூளை நரம்பு என்று அதற்குப் பெயர். கேட்பதற்கான செய்தியும், விழாமல் நிற்பதற்கான செய்தியும் அந்த ஒரே நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. ஆகவே நரம்பு நோயுள்ள பிள்ளைக்குக் காதும் நடையும் சேர்ந்தே கெடலாம். ஆனால் நம் ஊரில் காதுக்கு ஒரு டாக்டர், காலுக்கு ஒரு டாக்டர், இரண்டு பேரிடமும் தனித்தனி நோட்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: அந்த இரண்டு நோட்டையும் ஒன்றாக்குங்கள்.

சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை

உள்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் ஒலியை வாங்குகின்றன. அதை மூளைக்குக் கொண்டுபோவது ஆயிரக்கணக்கான நரம்பிழைகள். அவை ஒரே நொடியில், ஒன்றுபோல் துடிக்க வேண்டும். நரம்பின் உறை தேய்ந்தாலோ இழைகள் குறைந்தாலோ அந்த ஒழுங்கு குலைகிறது. சத்தம் வந்து சேரும், சொல் மட்டும் கலங்கிப்போய் வரும். ‘படம்’, ‘தடம்’, ‘கடம்’ ஆகிய மூன்று சொற்களும் தொடக்கத்தில் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவான ஒரு துளியில்தான் வேறுபடுகின்றன. அந்தத் துளியைத்தான் இந்தப் பிள்ளை இழக்கிறான். அமைதியான அறையில் முகம் பார்த்துப் பேசினால் ஊகித்துவிடுவான். ஐம்பது பிள்ளைகள் பேசும் சத்துணவுக் கூடத்தில் ஒன்றும் பிடிபடாது.

1996இல் அமெரிக்காவில் ஆர்னால்டு ஸ்டார் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட பத்துப் பேரை ஆராய்ந்து, இதற்குச் செவி நரம்பு நோய் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குக் கை கால் நரம்புகளிலும் கோளாறு இருந்தது. காதும் காலும் ஒரே கதை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை நரம்பு நோய்களில் அதிகம் காணப்படுவது சார்கோ–மேரி–டூத் நோய். 1886இல் பாரிசில் சார்கோவும் மேரியும், இங்கிலாந்தில் டூத்தும் இதை விவரித்தார்கள். உலக அளவில் ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. பாதம் வில்போல் வளைந்திருக்கும். நடக்கும்போது முன்பாதம் தொங்கும். ஹவாய் செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று போகும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும். இந்தப் பிள்ளைகளுக்கு ஒலியறைச் சோதனை பெரும்பாலும் நன்றாகவே வரும். மெல்போர்னில் கேரி ரான்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் இயல்பாக இருந்த பிள்ளைகள், இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் புரிந்துகொள்வதில் பின்தங்கினார்கள். தள்ளாட்டத்தோடு தொடங்கும் ஃபிரெட்ரிக் நோயிலும் இதே நிலைதான்.

சென்னையின் பெயரிலேயே ஒரு நோயும் இருக்கிறது. 1970இல் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் அங்கே கண்ட இயக்க நரம்பு நோயின் தனி வடிவத்தை எழுதினார்கள். மருத்துவ உலகம் இன்றும் அதை மெட்ராஸ் வகை என்றே அழைக்கிறது. பெரும்பாலும் முப்பது வயதுக்குள் தொடங்கும். கை கால் சூம்பும், முகமும் நாக்கும் பலவீனமாகும், காது மந்தமாகும். நோயாளிகளில் மிகப் பலருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. சில குடும்பங்களில் மட்டும் தொடர்ந்து வருகிறது. பன்னிரண்டு, பதினைந்து வயதில் காது மந்தமாகி, கூடவே பேச்சு மூக்கால் வரத் தொடங்கினால், காது மெஷின் வாங்கிக் கொடுத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஒரு நாளும் தாமதிக்கக் கூடாத நோய்

இந்த நோய்களில் மிகச் சிலவற்றுக்குத்தான் மருந்து உண்டு. அதனாலேயே மருந்துள்ள ஒன்றைத் தவறவிடுவது மன்னிக்க முடியாத இழப்பு. நம் உடலில் பி2 உயிர்ச்சத்தை, அதாவது ரிபோஃபிளேவினைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் புரதங்கள் உண்டு. அவற்றுக்கான மரபணுக்களில் பழுது ஏற்பட்டால் பிள்ளைக்குச் செவி நரம்பு கெடும். பிறகு விழுங்குவதில் தடுமாற்றம், முகத் தசை தளர்ச்சி, கழுத்திலும் கையிலும் பலவீனம், கடைசியில் மூச்சுத் திணறல். பிரௌன்–வியலெட்டோ–வான் லேர் நோய் என்று பழைய நூல்களில் இருந்தது இதுதான். 2010இல்தான் காரணமான மரபணு பிடிபட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே அதிக அளவில் ரிபோஃபிளேவின் கொடுத்துப் பிள்ளைகள் தேறிய செய்தி வந்தது.

சீக்கிரம் தொடங்கினால் பல பிள்ளைகள் தேறுகிறார்கள், இன்னும் பலருக்கு நோய் அதற்கு மேல் முற்றுவதில்லை. மரபணு அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மருந்தை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. சந்தேகம் வந்த அன்றே தொடங்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவ வழக்கம். மெடிக்கல் கடையில் வாங்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும், பாலும் கீரையும் இதற்குப் போதா. மருத்துவர் எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுத் தரும் அளவு பல மடங்கு. மருந்து தொடங்கியதும் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். காது கேளாமையோடு விழுங்குவதிலும் தடுமாற்றம் கண்டால் மருத்துவரிடம், “சார், இது ரிபோஃபிளேவின் நோயா இருக்குமா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். மெட்ராஸ் வகையும் இதுவும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் லண்டன் மருத்துவர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இரண்டும் வேறு என்று காட்டியது. அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. கேட்பது உங்கள் உரிமை.

பயோடினிடேஸ் குறைபாடும் இதே வரிசையில் வரும். வலிப்பு, தோலில் தடிப்பு, முடி உதிர்தல், காது மந்தம் எல்லாம் சேர்ந்து வந்தால் அதற்கான ரத்தச் சோதனை உண்டு. பயோட்டின் கொடுத்தால் மற்றவை தேறும். இழந்த கேள்வி பெரும்பாலும் திரும்புவதில்லை, எனவே இதிலும் முந்திக்கொள்ள வேண்டும்.

நிற்பதும் நடப்பதும்

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று இடத்திலிருந்து செய்தி வருகிறது: கண், உள்காது, பாதமும் கணுக்காலும். நரம்பு நோயுள்ள பிள்ளைக்குப் பாதத்தின் உணர்வு ஏற்கெனவே குறைவு. உள்காதிலிருந்து வரும் நரம்பும் கெட்டால் மிச்சம் கண் மட்டும்தான். கண்ணை மறைக்கும் எதுவும் அவனைக் கீழே தள்ளும். தலையில் தண்ணீர் ஊற்றிச் சீயக்காய் தேய்க்கும்போது சாய்வான். பனியனைத் தலைவழியாகக் கழற்றும்போது சுவரைப் பிடிப்பான். பகலில் ஓடியாடுகிறவன் இரவில் கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே நின்றுவிடுவான். பெரியவர்கள் இதை இருட்டுப் பயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தலைசுற்றல் இருந்தால்தான் காதில் கோளாறு என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் மெதுவாகக் கெடும்போது சுற்றல் வராது. தள்ளாட்டம் மட்டுமே தெரியும். கைக்குழந்தையாக இருந்தபோது தலை நிற்கவும் உட்காரவும் தாமதமானதா என்று நினைத்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம்: இரண்டு பாதத்தையும் சேர்த்து நிற்கச் சொல்லி, நீங்கள் அருகில் கை நீட்டித் தயாராக நின்றுகொண்டு, கண்ணை மூடச் சொல்லுங்கள். உடனே சாய்ந்தால் மருத்துவரிடம் அதைக் குறிப்பிடுங்கள். நோய் இன்னது என்று முடிவு சொல்ல இது போதாது. வீடியோ தலையசைப்புச் சோதனை, வெம்ப் சோதனை என உள்காதின் நிலையுணர்வை அளக்கும் சோதனைகள் பெரிய மருத்துவமனைகளில் உள்ளன.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகச் சொல்வேன். நிலையுணர்வு இழந்தவருக்குத் தண்ணீருக்குள் மூழ்கினால் மேலே எது, கீழே எது என்று தெரியாது. நீச்சல் தெரிந்தாலும் தெரியாது. ஊருணிக்கு ஊருணி, கிணற்றுக்குக் கிணறு குதித்து வளரும் பிள்ளைகள் நம்முடையவர்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கடலே வாசல். இந்தப் பிள்ளை கையெட்டும் தூரத்தில் பெரியவர் இல்லாமல் இறங்கக் கூடாது. கலங்கிய தண்ணீரில் முங்கு நீச்சல் கூடவே கூடாது.

சைக்கிள் வேறு விஷயம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய மாவட்டம் இது. பதினோராம் வகுப்பில் அரசே சைக்கிள் கொடுக்கிறது. அண்ணன் தங்கை எல்லாம் ஓட்டும்போது இவனை மட்டும் ஓட்டாதே என்பது அவன் மனத்தைக் கெடுக்கும். பகலில், வண்டி போகாத இடத்தில், பக்கத்தில் ஒருவர் நடந்துவர ஓட்டட்டும். முடியாவிட்டால் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் வைத்துக் கொடுங்கள். அந்தி சாய்ந்த பிறகும் பஸ் ரோட்டிலும் வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய செலவில்லை. படுக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே இரவு முழுவதும் எரியும் ஒரு சின்ன விளக்கு, கரண்ட் போனால் தானே எரியும் சார்ஜ் விளக்கு, குளிக்கும் இடத்தில் உட்கார ஒரு ஸ்டூலும் சுவரில் பிடிக்க ஒரு கம்பியும், படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயிண்ட். ஹவாய் செருப்புக்குப் பதில் பின்பட்டை வைத்த செருப்பு. முன்பாதம் தொங்கினால் பிசியோதெரபிஸ்ட் அளவெடுத்துத் தரும் கணுக்கால் ஸ்ப்ளிண்ட். கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையை அசைக்கும் பயிற்சியையும், மடித்த மெத்தைமேல் நிற்கும் பயிற்சியையும் அவரிடமே கற்றுக்கொண்டு தினமும் சிறிது நேரம் செய்ய வைக்கலாம். களைத்துப்போகும்வரை இழுக்க வேண்டாம்; இந்தப் பிள்ளைகளின் தசை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

புதுக்கோட்டையில் எங்கிருந்து தொடங்குவது

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் ஒரு மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் அது. பிறந்தது முதல் 18 வயதுவரை பார்க்கிறார்கள். அவர்கள் வரும் நாளைக் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ கேட்டு வைத்துக்கொண்டு, நீங்களும் அங்கே இருங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளை தன் குறையைச் சொல்ல மாட்டான். அவர்கள் எழுதித் தரும் சீட்டோடு போனால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் காது, நடை, பேச்சு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வழி பிறக்கும். முள்ளூரில் 2017இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் முதல் படி. அங்கே முடியாத சோதனைக்குத் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று எழுதி வாங்கலாம். விராலிமலைக்காரருக்குத் திருச்சியும், கந்தர்வகோட்டைக்காரருக்குத் தஞ்சாவூரும், பொன்னமராவதிக்காரருக்கு மதுரையும் அலைச்சல் குறைவு. மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி.யில் தனித் துறை உண்டு.

எந்தச் சோதனை என்பதுதான் முக்கியம். ஓ.ஏ.ஈ. என்பது மயிர்ச்செல்களை மட்டும் பார்க்கும். பிறந்த குழந்தைகளுக்குப் பல இடங்களில் செய்வது இதைத்தான். நரம்பு கெட்டிருந்தாலும் இதில் பாஸ் ஆகிவிடும். நரம்பைப் பார்ப்பது பெரா சோதனை. ஓ.ஏ.ஈ. நன்றாக இருந்து பெராவில் அலைகள் வராமலோ குலைந்தோ இருந்தால் அது செவி நரம்பு நோயின் அடையாளம். எனவே நரம்பு நோய் உறுதியான ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சோதனையும் வேண்டும், காது கேட்கிறது என்று தோன்றினாலும் வேண்டும். அதேபோல் செவி நரம்பு நோய் என்று தெரிந்த பிள்ளைக்குக் கை கால் நரம்புக் கடத்தல் சோதனை வேண்டும். பெராவுக்குச் சின்னப் பிள்ளைகள் தூங்க வேண்டும். முதல்நாள் இரவு நேரம் கழித்துத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். இதைச் செய்யாததால் வெறுங்கையோடு திரும்பிய குடும்பங்கள் நிறைய. காதில் அழுக்கோ நடுக்காதில் நீரோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யட்டும். ஏற்கெனவே கலங்கிய கேள்விக்கு அந்தச் சிறு அடைப்பும் பெரிய சுமை.

நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் மருந்துப் பெயர்களை எழுதி வையுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் காதையும் நிலையுணர்வையும் கெடுக்கக்கூடியவை. புற்றுநோய்க்குத் தரும் வின்கிரிஸ்டின், சார்கோ–மேரி–டூத் உள்ளவருக்குக் கை கால் நரம்பைக் கடுமையாகப் பாதிக்கும். உயிர் காக்க வேறு வழியில்லாதபோது மருத்துவர் கொடுக்கத்தான் செய்வார், நீங்களாக மறுக்க வேண்டாம். மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். காய்ச்சலுக்கு ஊசி போடும் இடத்திலும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

மெஷின், ஆபரேஷன், வாட்ஸ்அப் செய்தி

காது மெஷின் சத்தத்தைக் கூட்டும். கலங்கலைத் தெளிய வைக்காது. சிலருக்கு உதவும், சிலருக்குத் தொந்தரவாகும். சில மாதம் போட்டுப் பார்த்து, பிள்ளை தானாகக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்கிறானா என்பதை வைத்து முடிவெடுங்கள். அதைவிட நல்ல பலன் தருவது ஆசிரியர் சட்டையில் மாட்டும் சின்ன மைக்கும் பிள்ளை காதில் மாட்டும் வாங்கியும். வகுப்பு இரைச்சலைத் தாண்டி ஆசிரியர் குரல் மட்டும் நேராக வரும். ஃபிரெட்ரிக் நோயுள்ளவர்களிடம் ரான்ஸ் குழுவினர் சோதித்தபோது பேச்சு புரிவது நன்றாகக் கூடியது.

உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. நரம்பு நோயில் அதன் பலன் பழுது எங்கே என்பதைப் பொறுத்தது. பலன் கண்ட பிள்ளைகள் உண்டு, கிடைக்காதவர்களும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் நரம்பைப் பார்த்து, நரம்பியல் மருத்துவரும் காது மருத்துவரும் சேர்ந்து பேசிய பிறகே சம்மதியுங்கள்.

காது கேளாமைக்கு மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்ற செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். செய்தி உண்மைதான். 2024 ஜனவரியில் ஷாங்காய் மருத்துவர்கள் ஆறு குழந்தைகளுக்குச் செய்து ஐந்து பேருக்குக் கேள்வி கிடைத்ததாக வெளியிட்டார்கள். அது ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே ஒரு மரபணுவின் பழுதுக்கு. கை கால் நரம்பும் கெடும் நோய்களுக்கு அது பொருந்தாது. அதைக் காட்டி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சைகை மொழி கற்பிக்கச் சொல்வார்கள். நல்லதுதான். ஆனால் விரல் பலவீனமான பிள்ளைக்குச் சைகை வடிவங்கள் சிரமம் தரும். வாயசைவு, எழுத்து, படம், சைகை எல்லாவற்றையும் கலந்து அவனுக்கு எது எளிதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியும் சான்றிதழும்

தலைமையாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முன்வரிசை, ஆனால் மின்விசிறிக்கும் சன்னலுக்கும் தள்ளி. கரும்பலகையில் எழுதும்போது பேசாமல் திரும்பி நின்று பேசச் சொல்லுங்கள். டிக்டேஷனில் மதிப்பெண் போனால் அது படிப்புக் குறை அல்ல என்பதை எடுத்துச் சொல்லுங்கள். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரையும் பிசியோதெரபிஸ்டையும் பள்ளி வழியாகக் கேட்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி, மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழில்தான் சிக்கல். 2016ஆம் ஆண்டுச் சட்டம் காது கேளாமையை டெசிபலில் அளக்கிறது: இரண்டு காதிலும் 60 முதல் 70வரை போனால் செவித்திறன் குறைந்தவர், 70க்கு மேல் போனால் காது கேளாதவர். நம் பிள்ளைக்கு 35 டெசிபல்தான் இழப்பு, ஆனால் பத்துச் சொல்லில் மூன்று கூடப் புரியாது. சட்டத்தின் அளவுகோல் அவனைப் பார்ப்பதே இல்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். சட்டம் மாறும்வரை வேறு கதவைத் தட்டுங்கள். அதே சட்டத்தின் 21 வகைகளில் நாட்பட்ட நரம்பியல் பாதிப்பும், கை கால் இயக்கக் குறையும், பலவகைக் குறைபாடும் இருக்கின்றன. சான்றிதழ் தரும் மருத்துவ முகாமுக்குப் போகும்போது நரம்பியல் மருத்துவர் கடிதம், நரம்புக் கடத்தல் அறிக்கை, பெரா அறிக்கை, தமிழ்ச் சொற்பட்டியல் வைத்துச் செய்த சொல்லறிதிறன் அறிக்கை நான்கையும் எடுத்துப் போங்கள். 40 சதவீதம் கிடைத்தால் அடையாள அட்டை வழியாகப் பல உதவிகளுக்குத் தகுதி வரும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுக் கொடுங்கள்.

அடுத்த பிள்ளை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் மணந்தவர்கள். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று கட்டும்போது ஒரே பழுதான மரபணு இரு பக்கமும் இருக்க வாய்ப்புக் கூடும். அப்படி வரும் நோயில் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சார்கோ–மேரி–டூத்தின் மிகப் பரவலான வகைக்குச் சொந்தம் தேவையே இல்லை. தாய் தந்தையில் ஒருவருக்கு இருந்தால் பாதிக்குப் பாதி. அவருக்கு அது லேசாக இருந்து, தெரியாமலே போயிருக்கலாம். இருவர் பாதத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். சில வகைகள் தாய்வழி ஆண்பிள்ளைகளிடம் கடுமையாக வரும். எந்த வகையாக இருந்தாலும் இது யாருடைய குற்றமும் அல்ல, சாமி குத்தமும் அல்ல. மருமகள்மேல் பழி போடும் வீட்டில் மாமியாரையும் ஆலோசனைக்குக் கூட்டிப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் பேச்சு அடங்கும்.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்றால் கருவுறுவதற்கு முன்பே மரபணு அறிக்கை கையில் இருக்கட்டும். ஏற்கெனவே பிறந்த தம்பி தங்கைகளுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பெரா செய்து, பாதத்தையும் நடையையும் பார்க்கச் சொல்லுங்கள். ரிபோஃபிளேவின் நோயுள்ள வீட்டில் இது இன்னும் அவசரம். அறிகுறி வருமுன்பே மருந்து தொடங்கலாம். மூத்த பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறை கேள்வி, சொல்லறிதிறன், நடை மூன்றும் மறுபடி அளக்க வேண்டும். பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் வைத்துக்கொண்டால் வகுப்பு மாறும்போது புதிய ஆசிரியர் கையில் புதிய அறிக்கை இருக்கும்.